வீட்டுக் கணினிக்குப் புது எஸ்எஸ்டி: வாங்குவது முதல் மாட்டி முடிப்பது வரை

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்பது ஒரு புகார். "டிஸ்க்ல இடமே இல்ல" என்பது வேறொரு புகார். இரண்டுக்கும் கடையில் ஒரே பதில்தான் கிடைக்கும்: "எஸ்எஸ்டி போட்டுடுங்க சார்." எஸ்எஸ்டி என்பது தகவலைச் சிப்புகளில் சேமிக்கும் டிஸ்க். பல நேரம் அந்தப் பதில் சரிதான். ஆனால் நம் குறை வேகமா, இடமா என்று பார்க்காமல் செலவு செய்தால், 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, சில மாதங்களில் மறுபடியும் இடம் பற்றாமல் நிற்போம். விண்டோஸ் ஓடும் வீட்டுக் கணினி, லேப்டாப் இரண்டுக்கும் பொருந்தும்படி, முதல் முறையாக ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

குறை எங்கே என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் 'டிஸ்க் 0' மேல் கிளிக் செய்யுங்கள். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பதை விண்டோஸே அங்கு எழுதிக் காட்டும். ஹார்ட் டிஸ்க் என்று இருந்து, நீங்கள் ஒன்றும் செய்யாதபோதே அது 100 சதவீதத்தில் நெடுநேரம் நின்றால், தாமதத்துக்குக் காரணம் அதுதான். ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சின்னக் கோப்பையும் தேடி ஒரு கை நகர வேண்டும், தட்டு சுழன்று வந்து சேர வேண்டும். இதற்கு ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 மில்லிசெகண்ட் ஆகிறது. அதாவது ஒரு நொடியில் நூறு தேடல்கூடச் சிரமம். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. நொடிக்குப் பல்லாயிரம் தேடல்களை அது முடித்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத்தான். பத்து வயதுக் கணினியிலும் எஸ்எஸ்டி போட்டதும் ஆளே மாறியதுபோல் தெரிவது அதனால்தான்.

அதே பக்கத்தில் 'மெமரி'யையும் பார்த்துவிடுங்கள். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினியில் அது 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், ரேமில் கொள்ளாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி, திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். ரேமையும் 8 ஜிபியாவது ஆக்குங்கள்.

இடம்தான் குறை என்றால், செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஸ்டோரேஜ்' என்று போங்கள். எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்ற பட்டியல் வரும். 'டெம்பரரி ஃபைல்ஸ்', டவுன்லோட்ஸ் ஃபோல்டர், போனிலிருந்து இறக்கிய வாட்ஸ்அப் வீடியோக்கள் ஆகிய மூன்றைச் சுத்தம் செய்தாலே பல வீடுகளில் பத்து, இருபது ஜிபி வெளியே வரும். அதன் பிறகும் சி டிரைவின் கோடு சிவப்பிலேயே நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

பேக்கப் எடுக்காமல் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். டிஸ்க்கைக் கடையில் வாங்கிவிடலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், பட்டா, பத்திரங்களின் ஸ்கேன், வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர் என்றால் டேலி டேட்டா ஃபோல்டர், இவை எந்தக் கடையிலும் கிடைக்காது. புது டிஸ்க்கை ஆர்டர் செய்வதற்கு முன்பே இவை இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ, பெரிய பென் டிரைவிலோ, கிளவுடிலோ. காப்பி முடிந்ததும் நாலைந்து கோப்புகளை அந்தப் புது இடத்திலிருந்தே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி வேலை தொடங்கக் கூடாது.

அடுத்து, பழைய டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். திறந்தவுடன் மேலே 'குட்', 'காஷன்', 'பேட்' என்று ஒரு சொல் தெரியும். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கீழே உள்ள பட்டியலில் 'ரீஅலகேட்டட் செக்டார்ஸ்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' இரண்டு வரிகளையும் பாருங்கள். அங்கே பூஜ்யத்துக்குப் பதில் ஏதாவது எண் ஏறியிருந்தால் தட்டில் கெட்டுப்போன இடங்கள் உருவாகியிருக்கின்றன. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி வந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படிப்பட்ட டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டு குளோன் (அப்படியே ஒரு முழுப் படி) எடுக்க முயல வேண்டாம். மிக முக்கியமானதை முதலில், பிறகு அடுத்ததை என்று வரிசையாக வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸைப் புது டிஸ்க்கில் புதிதாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் நமக்குத் தெரியாமலேயே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் ரெக்கவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எடுத்து, 48 இலக்கங்களையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளோன் எடுக்கப்போகிறீர்கள் என்றால் என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுவதும் நீங்கும் வரை காத்திருங்கள். வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.

எந்த எஸ்எஸ்டி பொருந்தும்?

கடையில் இரண்டு உருவங்களில் எஸ்எஸ்டி கிடைக்கும். ஒன்று 2.5 அங்குலப் பெட்டி. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் அளவில், 7 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய முறை) கேபிளில் இணைவது. மற்றொன்று எம்.2, சூயிங்கம் பட்டை போன்ற பச்சை அல்லது கறுப்புப் பலகை. அதன் மேல் 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று அர்த்தம். சில சின்ன லேப்டாப்களில் 2242 அல்லது 2230 மட்டுமே நுழையும்.

புதியவர்கள் பணத்தை இழக்கும் இடம் எம்.2தான். உருவம் ஒன்றாக இருந்தாலும் எம்.2க்குள் இரண்டு சாதிகள் உண்டு: சாட்டாவில் பேசுவது ஒன்று, அதைவிட வேகமான என்விஎம்இ முறையில் பேசுவது இன்னொன்று. தங்க நிறத் தொடுமுனைகள் இருக்கும் விளிம்பைப் பாருங்கள். என்விஎம்இ பலகையில் பெரும்பாலும் ஒரே ஒரு வெட்டு இருக்கும். சாட்டா பலகையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகள் இருக்கும். இரண்டு வெட்டு உள்ளது பல ஸ்லாட்டுகளில் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் அந்த ஸ்லாட்டுக்கு சாட்டா இணைப்பு இல்லையென்றால் கணினி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஆகவே 'உட்கார்ந்தது, அதனால் வேலை செய்யும்' என்ற கணக்கு இங்கே பலிக்காது. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணையோ, மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் பெயரையோ வைத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் மேனுவலை எடுத்து, ஸ்டோரேஜ் பகுதியைப் படியுங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் தானாகச் செயலிழந்துவிடும். அந்த விவரமும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை போகும். என்விஎம்இ எஸ்எஸ்டி, பிசிஐஇ என்ற அதன் இணைப்புத் தடம் 3.0 தலைமுறை என்றால் 3,500 எம்பி, 4.0 என்றால் 7,000 எம்பி வரை. எண்கள் மலைக்க வைக்கும். ஆனால் பிரவுசர், வேர்ட், எக்செல், படங்கள் என்று இருக்கும் வீட்டில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குத் தாவும் அந்த ஒரு படிதான் பெரிய படி. பழைய கணினியில் எம்.2 ஸ்லாட் இல்லையே என்று வருந்தத் தேவையில்லை. வேகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசை அளவுக்குக் கொடுங்கள் என்பதே என் யோசனை. இன்று புதிதாக வாங்குவதென்றால் 500 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம், முடிந்தால் 1 டிபி.

விவரப் பட்டியலில் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று, டிஎல்சியா க்யூஎல்சியா என்பது; சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் எழுதுவது டிஎல்சி, நான்கு பிட் எழுதுவது க்யூஎல்சி. விண்டோஸ் ஓடும் டிஸ்க்குக்கு டிஎல்சி நல்லது. க்யூஎல்சி விலை குறைவு, ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது ஒரு கட்டத்தில் திணறும். இரண்டு, டிபிடபிள்யூ என்ற எண். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும் வரை தயாரிப்பாளர் உத்தரவாதம் தருகிறார் என்பதை அது சொல்லும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு அது 300. தினம் 40 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 20 ஆண்டு ஆகும். 'எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும்' என்று பயமுறுத்துபவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். மூன்று, ஐந்து ஆண்டு வாரண்டி தரும் பொருள் இது. '16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி' என்று இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்கு வரும் விளம்பரங்கள் மோசடி. அப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் சின்ன மெமரி கார்டு ஒன்று ஒட்டியிருக்கும். விண்டோஸிடம் பொய்யான அளவைச் சொல்லும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். நிறைந்ததும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதத் தொடங்கும்.

வாங்கிய 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்தால் ஏமாந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கலில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் பெருக்கலில் எண்ணுகிறது. அவ்வளவுதான்.

குளோனா, புது விண்டோஸா?

இப்போதைய விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, மென்பொருள்களை மறுபடி நிறுவப் பொறுமையில்லை என்றால் குளோன் எடுக்கலாம். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் படியெடுப்பதுதான் குளோன். இதற்கு புது எஸ்எஸ்டியைத் தற்காலிகமாக யுஎஸ்பியில் இணைக்க ஒரு என்க்ளோஷர் (டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் செருகும் பெட்டி) அல்லது சாட்டா-யுஎஸ்பி கேபிள் வேண்டும். எம்.2 என்றால் அந்தந்த வகைக்கு உரிய என்க்ளோஷர் வாங்குங்கள். பிறகு அது வீணாகாது. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகுங்கள். பல கணினிகளில் அதன் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும். பல எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் டிஸ்க்குக்கான குளோன் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன, அதில் தொடங்குவது எளிது. குளோன்சில்லா எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தும், இலவசம். ஆனால் அதன் திரை புதியவருக்குக் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும், பெரிய டிஸ்க்கிலிருந்து சிறிய டிஸ்க்குக்குக் குளோன் எடுப்பதையும் அது சாதாரண அமைப்பில் ஏற்காது.

மென்பொருள் 'சோர்ஸ்' எது, 'டார்கெட்' எது என்று கேட்கும் அந்தத் திரையில் நிதானியுங்கள். சோர்ஸ் என்பது பழையது, டார்கெட் என்பது புதியது. டார்கெட்டில் இருப்பது முழுவதும் அழியும். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் உங்கள் படங்களின் மேல் படியெடுக்கப்படும். டிஸ்க்கின் பெயரையும் அளவையும் இரண்டு முறை படித்துவிட்டு, பக்கத்தில் வேறு பென் டிரைவ் எதுவும் செருகியிருந்தால் கழற்றிவிட்டு, பிறகு அழுத்துங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். நடுவில் கரன்ட் போனால் கலங்க வேண்டாம். பழைய டிஸ்க்கிலிருந்து படிப்பது மட்டும்தான் நடக்கிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

விண்டோஸ் பழசாகி, தேவையில்லாத மென்பொருள்கள் மண்டிக் கிடந்தால் புதிதாகப் போடுவதே நல்லது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் இன்ஸ்டால் டிஸ்க் தயாரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகியிருந்த கணினி என்றால், அது மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாறினாலும் இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினி ஏற்குமானால் 11ஐப் போடுங்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நன்றாக ஓடும்.

புது விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டும் இணைந்திருந்தால், விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டு, பூட் ஆக, அதாவது கணினி தொடங்கத் தேவையான சின்னப் பகுதியைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிடுவது இன்ஸ்டாலரின் பழக்கம். பிற்பாடு பழைய டிஸ்க்கைக் கழற்றும் அன்று கணினி எழுந்திருக்காது.

கழற்றுவது, மாட்டுவது

ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிளக்கிலிருந்து எடுத்து, டெஸ்க்டாப் என்றால் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

டெஸ்க்டாப்பில் சாட்டா எஸ்எஸ்டி மாட்டுவது எளிது. அகலமான பவர் கேபிள் பவர் சப்ளையிலிருந்து வரும், குறுகலான டேட்டா கேபிள் மதர்போர்டிலிருந்து வரும். இரண்டின் முனையும் ஆங்கில 'எல்' வடிவத்தில் இருப்பதால் தலைகீழாக நுழையாது. நுழையவில்லை என்றால் திருப்புங்கள், அழுத்தாதீர்கள். டேட்டா கேபிள் பல எஸ்எஸ்டிகளோடு வராது, தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் அடிமூடியின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து மெதுவாக எடுத்துவிடுவது.

எம்.2 பலகையை ஸ்லாட்டில் படுக்கை வாக்கில் தள்ளக் கூடாது. சுமார் 30 டிகிரி சாய்வில் பிடித்து, வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வரும்படி பார்த்து உள்ளே அழுத்துங்கள். தங்க முனைகள் கிட்டத்தட்ட முழுவதும் மறைய வேண்டும், ஒரு மெல்லிய கோடு மட்டும் வெளியே தெரியலாம். கையை எடுத்ததும் பலகை ஸ்பிரிங் போல மேலே எழும்பி நிற்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். விரலால் கீழே படியவைத்து, மறுமுனையில் உள்ள அந்தக் குட்டி ஸ்க்ரூவைப் போடுங்கள். இந்த ஸ்க்ரூ கடுகளவுதான் இருக்கும். எஸ்எஸ்டியோடு பெரும்பாலும் வராது, மதர்போர்டுப் பெட்டியில் இருக்கும், இல்லையென்றால் கடையில் எம்2 ஸ்க்ரூ என்று கேட்டு வாங்க வேண்டும். ஸ்க்ரூ பிடித்தால் போதும், இறுக்கி முறுக்க வேண்டியதில்லை. மதர்போர்டில் எஸ்எஸ்டிக்கு மேலே சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்க் இருந்தால், அதன் அடியில் உள்ள பேடில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மூடுங்கள். எஸ்எஸ்டியின் ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும்.

முதல் முறை ஆன் செய்யும்போது

பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரை) போய்ப் புது டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திறக்கும். பெயர் தெரியவில்லை என்றால் கேபிளையோ பலகையையோ கழற்றி மறுபடி மாட்டுங்கள். தெரிகிறது என்றால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். பயாஸில் தெரிந்தும் விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியாமல் போவது புதிய இன்டெல் லேப்டாப்களில் சகஜம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' மூலம் கொடுத்தால் தெரிந்துவிடும்.

குளோன் செய்தவர்கள் முதல் முறை புது டிஸ்க்கை மட்டும் வைத்து பூட் செய்யுங்கள். ஒரே அச்சில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால் எதிலிருந்து எழுந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, சமயத்தில் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

கூடுதலாக இரண்டாவது டிஸ்க் சேர்த்தவர்களுக்கு வேறொரு திகைப்பு காத்திருக்கும்: 'திஸ் பிசி'யில் புது டிஸ்க்கைக் காணோம்! அது கெட்டுப்போகவில்லை, இன்னும் தயார் செய்யப்படவில்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். 'இனிஷியலைஸ்' செய்யலாமா என்று கேட்டால் ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் தாங்காது. கறுப்புப் பட்டையோடு 'அன்அலகேட்டட்' என்று தெரியும் பகுதியில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', பிறகு 'நெக்ஸ்ட்' கொடுத்துக்கொண்டே போங்கள். என்டிஎஃப்எஸ் என்று இருப்பதை அப்படியே விடுங்கள், ஒரு பெயர் மட்டும் கொடுங்கள். சில நொடிகளில் டிரைவ் தோன்றும்.

பெரிய டிஸ்க்குக்குக் குளோன் செய்தும் சி டிரைவ் பழைய அளவிலேயே இருந்தால், மிச்ச இடம் அதே திரையில் கறுப்புப் பட்டையாகக் கடைசியில் கிடக்கும். சி மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் சேர்ந்துவிடும். அந்தச் சொல் மங்கலாக இருந்தால், சிக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். விண்டோஸால் பக்கத்திலேயே உள்ள இடத்தைத்தான் சேர்க்க முடியும். ஜிபார்ட்டெட் போன்ற இலவசக் கருவி கொண்டு ரெக்கவரி பகுதியை வலது ஓரத்துக்கு நகர்த்திவிட்டு நீட்டலாம். பேக்கப் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் மட்டும் அதைச் செய்யுங்கள்.

எதை எங்கே வைப்பது

விண்டோஸ், மென்பொருள்கள் எஸ்எஸ்டியில். படங்கள், வீடியோக்கள், பாட்டு, பழைய ஆவணங்கள் ஹார்ட் டிஸ்க்கில். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை கட் செய்து ஒட்டாமல், ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்', 'மூவ்' என்ற வழியில் நகர்த்தினால் மென்பொருள்களும் புது இடத்தைத் தெரிந்துகொள்ளும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தூக்கி வேறு டிரைவில் போடும் வேலை மட்டும் வேண்டாம். எஸ்எஸ்டியில் பத்து, பதினைந்து சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும். நிறைந்து வழியும் எஸ்எஸ்டி எழுதும்போது மந்தமாகும். டீஃபிராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும்) மென்பொருள் எதையும் அதில் ஓட்ட வேண்டாம், அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வேலையை விண்டோஸே செய்துகொள்ளும்.

குளோன் எடுத்தவர்கள் பழைய டிஸ்க்கை இரண்டு வாரமாவது தொடாமல் எடுத்து வையுங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'குட்' காட்டும் டிஸ்க் என்றால் என்க்ளோஷரில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போகும் பேக்கப்புக்கு எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க் மேல்; நீண்ட நாள் மின்சாரமே பார்க்காத எஸ்எஸ்டியில், அதிலும் நிறைய எழுதித் தேய்ந்ததில், தகவல் கசிந்து போக வாய்ப்புண்டு.

விற்கவோ பழைய சாமான் கடைக்குப் போடவோ நினைத்தால், குவிக் பார்மட் மட்டும் செய்துவிட்டுக் கொடுக்காதீர்கள். அதில் அழிவது பட்டியல்தான், கோப்புகளை இலவச மென்பொருளாலேயே மீட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் பார்மட் பெட்டியில் 'குவிக் பார்மட்' டிக்கை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள், தட்டு முழுவதும் பூஜ்யம் எழுதப்படும், பல மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள 'செக்யூர் இரேஸ்' கொடுங்கள். ஆன் ஆகவே மறுக்கும் டிஸ்க்கை யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் என்றால் மூடியைத் திறந்து தட்டையும், எஸ்எஸ்டி என்றால் பலகையில் உள்ள சிப்புகளையும் உடைத்துவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, சிதறும்; உடைக்கும்போது துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணுக்கும் ஏதாவது பாதுகாப்பு போட்டுக்கொள்ளுங்கள்.